காற்றுத்துளை மூடிய பத்து நாள்

தீனன் ஊரில் சர்க்கரை ஆலை ஓடும் மாதம்.
வெந்த பீட்டும் ஈர மண்ணும் கலந்த வாடை
ஆய்வுக்கூடத்தின் கதவிடுக்கிலும் நுழைந்துவிடும்.
இரண்டாம் பெட்டிக்குள் மட்டும் நுழையாது.
அதன் காற்றுத்துளைகளை முதல் நாளே
நான்தான் டேப் ஒட்டி அடைத்தேன்.

அறுநூறு முட்டை. யாரும் வாயு செலுத்தவில்லை.
அவை விட்டதே அவற்றைச் சூழ்ந்து ஏறியது.
நாலாம் நாள் கால் சதவீதம்,
ஏழில் அரை,
பத்தாம் நாள் விடியலில் ஒன்றேகால்.

அதே வாரம் எங்கள் கூட்ட அறையில்
பதினோரு பேர், ஒரு மூடிய ஜன்னல்.
சுவர் மீட்டர் அதில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டதும்
இத்ரீஸ் கொட்டாவி விட்டான்,
பேராசிரியர் வெர்ஹூல்ஸ்ட் நெற்றியைத் தேய்த்தார்,
யாரோ எழுந்து ஜன்னலைத் திறந்தார்கள்.
எங்களுக்கு அது முடியும்.
திறக்கலாம், வெளியே போய் நிற்கலாம்,
ஒன்றுமில்லையென்றால் மூச்சையாவது வேகமாய் இழுக்கலாம்.

முட்டைக்குள் இருப்பதற்கு
வேகமாக்க ஒரு மூச்சு இல்லை.
நுரையீரல் இன்னும் நனைந்த துணிபோல் மடிந்து கிடக்கிறது.
ஓட்டில் பத்தாயிரம் துளை.
ஒன்றைக்கூட அகலமாக்குவது அதன் கையில் இல்லை;
கையே இல்லை, சிறகின் மொட்டுதான் இருக்கிறது.
வருவது வரும். போவது போகும்.
ரத்தம் மெல்லப் புளிக்கத் தொடங்கும்.

அதன் பிறகு அது என்ன செய்கிறது என்பதை
அளக்கத்தான் எனக்குச் சம்பளம்.

மூன்றாம் பெட்டி வேறு. அங்கே சிலிண்டர், ஐந்து சதவீதம்,
பதிமூன்றாம் நாள் முட்டைகள்.
ஓட்டில் நகமளவு ஜன்னல் வெட்டி
சவ்வின் மேல் ஓடும் நரம்பில் ஊசி வைத்தேன்.
வாயுவுக்கு முன்பு எடுத்தது: ஏழு புள்ளி நாலு எட்டு.
ஒரு மணி நேரத்தில்: ஏழு புள்ளி இரண்டு ஒன்று.
மறுநாள் அதே நேரம்: ஏழு புள்ளி மூன்று.
எங்கிருந்தோ காரத்தைத் திரட்டி
ரத்தத்தில் கொட்டியிருக்கிறது.
முழுசாய் மீளவில்லை,
அசலை விட்டுவிட்டு
வட்டியை மட்டும் கட்டி வருகிறவனைப் போல.

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முட்டை.
ஊசி எடுத்தபின் திரும்ப வைக்க இடமில்லை.
நோட்டில் "மாதிரி 41" என்று எழுதினேன்.
எழுதிய பிறகும் அது கொஞ்சம் துடித்தது.
அதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இத்ரீஸ் வீட்டின் பின்புறம்
ஒரு கருங்கோழி அடையில் இருந்தது.
"லீசெலோத், இன்றைக்குமா?" என்றான்.
வயிற்றடியில் மெல்லிய குழாயை நுழைத்தேன்.
மணிக்கட்டில் கொத்தினாள், ரத்தம் வந்தது.
அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.
நாள் முழுக்க ஒருமுறைதான் எழுந்திருப்பாளாம்,
அதுவும் தண்ணீருக்கு.
நாங்கள் மூன்று வருடம் மானியம் கேட்டு அடைந்த யோசனையை
அவள் இறகால் ஒட்டி வைத்திருந்தாள்.

பத்தாம் நாளே இரண்டாம் பெட்டியின் டேப்பை உரித்திருந்தேன்.
பசை மட்டும் விளிம்பில் கறுத்துப்போய் நின்றது.
பத்தொன்பதாம் நாள் இரவு, என் முறை.
முட்டையின் மழுங்கிய முனையில் ஒரு சின்ன அறை உண்டு.
கடைசியில் அங்கே காற்று கெட்டுப் போகும்.
திணறல்தான் அலகைத் தூக்க வைக்கிறது,
முதலில் சவ்வு, பிறகு ஓடு.
இதைப் பாடமாய்ப் படித்திருக்கிறேன்.
கேட்டது அன்றுதான்:
சோற்றில் கல் கடிபடுவது போல ஒரு சத்தம்,
அப்புறம் ஒரு கீச்சு.

முதல் பெட்டி,
நல்ல காற்றிலேயே வளர்ந்தது,
இன்னும் வாய் திறக்கவில்லை.

மணி பார்த்து எழுதினேன், மூன்று இருபது.
கடிகாரப் பட்டைக்குக் கீழே
கோழி கொத்திய இடம் அரித்தது.
உள்ளேயிருந்து இன்னொன்று கேட்டது.
பேனாவை மூடாமல் நின்றேன்.