தண்ணீர்ப் பொறுப்பு

கும்பகோணம். பாத்திரக் கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
கீழே பித்தளை தட்டும் சத்தம் நின்றால்
சாப்பாட்டு நேரம்.
இருபத்தாறு பேர் உட்கார்ந்து
எங்கேயோ இருக்கும் பல் மருத்துவர்களுக்குக்
கணக்கு மென்பொருள் எழுதுகிறோம்.

ஆண்டுக் கூட்டத்துக்கு மூன்று பேச்சாளர் வேண்டும்.
என் பட்டியல் ஆடியிலேயே தயார்.
அதில் முதல் பெயர் சென்னைக்காரர்,
தலைமைப் பண்பு பற்றி ஊர் ஊராகப் பேசுகிறவர்.
திருச்சி வரை விமானம், அங்கிருந்து ஏசி கார்,
பூங்கொத்து வேண்டாம், மரக்கன்று போதும் என்று
முன்கூட்டியே குறிப்பு அனுப்புகிறவர்.

பட்டியலை இழுப்பறையில் போட்டேன்.
"நீங்களே முடிவு பண்ணுங்க" என்றேன்.
சொல்ல ஒரு நொடி.
சொன்னபடி இருக்க
பதினோரு நாள்.

முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை.
மறுநாள் பிரிட்டோ ஒரு நடிகர் பெயரைச் சொன்னான்,
சிரிப்போடு போயிற்று.
மூன்றாம் நாள் ஃபர்ஹானாவுக்கும் தையல்நாயகிக்கும் சண்டை.
ஒரு பெண்ணாவது பேச வேண்டும் என்பதில் இல்லை,
வருகிறவளைப் பெண்களைப் பற்றியே
பேசச் சொல்வீர்களா என்பதில்.
எழுந்துவிட்டேன். கதவின் கைப்பிடி
சில்லென்று இருந்தது.
திரும்பி வந்து
ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட விடுப்பு விண்ணப்பங்களை
மறுபடி படித்தேன்.

ஐந்தாம் நாள் அமிர்தகடேசன் பேசினான்.
இரண்டு வருடத்தில் அவன் குரலில்
நான் கேட்டது "சரி மேடம்" மட்டும்.
"மன்னார்குடியில ஒருத்தர் இருக்கார்.
பஸ் டிக்கெட் செயலி நடத்தினவர்.
தீபாவளிக்கு முந்தின ராத்திரி
ஒரே சீட்டை நாலு பேருக்கு வித்துட்டு,
விடியற வரைக்கும் ஒவ்வொருத்தருக்கும்
தானே போன் போட்டுத் திட்டு வாங்கினார்.
எனக்கும் போட்டார்.
நானும் திட்டினேன்."

மின்விசிறிச் சத்தம் கேட்டது.
ஃபர்ஹானா பலகையில் அந்தப் பெயரை எழுதினாள்.

அதன்பின் எல்லாருக்கும் ஒரே கேள்வி:
உங்களுக்குத் தப்பிப் போனதைப் பேசுவீர்களா?
என் சென்னைக்காரர் பெயரும் வந்தது
(சத்தியமாய் நான் சொல்லவில்லை).
உதவியாளர் எடுத்து,
சார் வெற்றிக் கதைகள் மட்டும்தான் என்றாராம்.
அடித்துவிட்டார்கள்.
எனக்கு வலித்தது, பொய் சொல்வானேன்.

இரண்டாவது நாற்காலி
வலங்கைமான் சகாயமேரிக்கு:
நாலு அறுவடை இயந்திரம், முப்பது வயல்,
மேலே கறுத்து வரும் வானம்,
யாருக்கு முதலில் என்று முறை போடுகிறவர்.
"குறுவை அறுப்பு நேரம். ஒரு மணி நேரம்தான்.
போனை அணைக்க மாட்டேன்."
மூன்றாவது நாற்காலி காலி.
வந்தவர்களில் யாருக்குத் தோன்றுகிறதோ அவர் ஏறலாம்.

கூட்டத்துக்கு முந்தின நாள்
பலகையில் வேலைப் பங்கீடு.
மைக் பிரிட்டோ. கணக்கு தையல்நாயகி.
வரவேற்பு, அதிசயம்தான், அமிர்தகடேசன்.
என் பெயரைத் தேடினேன்.
கடைசியில் இருந்தது:
தண்ணீர் கேன்.

தாராசுரத்தில் கல்யாண மண்டபம். வெளியே தூறல்.
மன்னார்குடிக்காரர் அந்த இரவைச் சொன்னபோது
யாரும் போனைத் தொடவில்லை.
சகாயமேரி பேசிக்கொண்டிருக்கையில்
அவர் போன் அடித்தது. மைக்கை இறக்காமலே எடுத்தார்:
"ஆலங்குடிக்கு முதல்ல போ. நல்லூர் மேட்டு நிலம், தாங்கும்.
அவங்ககிட்ட நானே சொல்றேன்."
பிறகு எங்களைப் பார்த்து,
"எங்க விட்டேன்?" என்றார்.
கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மூன்றாவது நாற்காலியை நோக்கி
யாரோ எழுந்து நடந்தார்கள்.
யாரென்று நான் பார்க்கவில்லை.
ஆறு கேனில் நாலு காலி.
ஐந்தாவதைத் தோளில் ஏற்றி
ஓரமாகவே நடந்தேன்,
கடைசி வரிசைக்குத்
தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க.