இரண்டாவது துடிப்பு

அதிகாலை இரண்டே கால்.
பாயான் லெப்பாஸில் கடைசிச் சரக்கு விமானம் இறங்கி
ஓடுதளம் அடங்கும்வரை நான் தொடங்குவதில்லை.
காற்றில் மிதக்கும் என் மேசைக்கு
அது எப்படியோ தெரிந்துவிடுகிறது.

இன்றைக்குச் சிலிக்கான் தட்டு, மேலே அலுமினியப் பூச்சு.
அறுபத்து நான்கு நானோமீட்டர் என்று
தாளில் போட்டிருக்கிறார்கள்.
கையுறைக்குள் என் நகம்
ஒரு நிமிடத்தில் வளர்வது ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஒளித்துடிப்புகள் இரண்டு.
முதலாவது அடிக்கும்.
அடிபட்ட இடம் சூடாகி, விம்மி,
ஒரு சத்தம் உள்ளே இறங்கும்.
சத்தம் என்பது பழக்கதோஷம்;
எந்தக் காதுக்கும் அது எட்டாது.
இரண்டாவது
தாமதமாய் வரும், பார்க்கும், போகும்.

தாமதத்தை நான் கண்ணாடியால் செய்கிறேன்.
மூன்று மில்லிமீட்டர் பின்னால் தள்ளினால்
ஒளி போய்வர ஆறு. இருபது பிக்கோ நொடி.
ஒரு நொடியை லட்சம் கோடியாய் நறுக்கி
அதில் இருபது துண்டு.
கடிகாரம் உதவாது, அடிக்கோல் போதும்.
நேரத்தை நீளத்தால் அளக்கிறவள் என்று
படிவத்தில் எழுத முடியுமா?
டெக்னிஷியன் என்று எழுதுகிறேன்.

இறங்கிய சத்தம் பூச்சின் அடியைத் தொடும்.
நன்றாய் ஒட்டியிருந்தால்
சிலிக்கானுக்குள் கடந்து போய்விடும்,
திரும்புவது ஒரு முனகல்.
ஒட்டாத இடத்தில்தான்
போனது முழுசாய்த் திரும்புகிறது.
எதிரொலி பெரிதென்றால் எனக்குப் பயம்.

செல்வரூபன் ரெலாவ் அடுக்குமாடிகளில்
டைல்ஸ் பதிக்கிறவர்.
பதித்த மறுநாள் இருபது சென் காசால்
ஒவ்வொன்றாய்த் தட்டிக்கொண்டே போவார்.
'டிக்' என்றால் சிமெண்டு பிடித்திருக்கிறது,
'டொங்' என்றால் கீழே காற்று.
உனக்கும் எனக்கும் ஒரே வேலைதான் என்பார்.
என் காசு கொஞ்சம் விலை கூட.

நாற்பத்தொன்பது புள்ளிகள்.
பதினாறு வரை முனகல்.
பதினேழில், விளிம்பருகே,
இருபதாவது பிக்கோ நொடியில் ஒரு பள்ளம்,
நாற்பதில் இன்னொன்று,
அறுபதிலும்,
கதவில்லாத அறையில் சிக்கியவன்
சுவருக்குச் சுவர் நடப்பதுபோல்.

கெங் ஹுவாட் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
"எவரேஜ் ஓக்கே லா, பூங்கோதை."
எவரேஜ் ஓக்கேதான்.
மூன்று முறை திரும்ப அளந்தேன்.
முதலில், விமானமோ என்று.
பிறகு, என் கண்ணோ என்று.
மூன்றாவது வெறும் ஆசையில்.
பதினேழு: ஒட்டவில்லை.
அவர் எதுவும் சொல்லாமல் வெளியே போய்
இயந்திரத்தில் மைலோ அமுக்கினார்.
இரண்டு கப்.

ஏழு பத்துக்கு அவர் வீட்டைப் பூட்டிக் கிளம்புவார்.
தொழிற்சாலை பஸ் என்னை ஏழே முக்காலுக்கு இறக்கும்.
ஒரே கதவு, முப்பத்தைந்து நிமிடத் தாமதம்.
வாரத்தில் ஐந்து நாள்
அவர் விட்டுப்போனதை வைத்துத்தான் அவரை அறிகிறேன்:
கோப்பிக் கோப்பையின் அடியில் மிச்சமிருக்கும் சூடு,
துண்டின் ஈரம்,
தலையணைக் குழி, நடுவில் அல்ல,
என் பக்கமாய்ச் சற்றே.

நேற்று மாலை செருப்பு மாட்டும்போது
ஒன்று சொல்லிவிட்டுப் போனேன்.
சொல்லியிருக்க வேண்டாம்.
போனில் பதில் இல்லை.
ஐஸ்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ்
ஒரு துண்டுத்தாள் இருக்குமென்று பார்த்தேன்,
தண்ணீர் பில் இருந்தது.

திரும்பி வராத சத்தம்
கடந்து போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.
தொழிலில் எனக்கு இது தெரியும்.
எத்தனை தட்டுகளுக்கு
இதை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மேசை மேல்
அவர் மறந்துபோன இருபது சென்.
குனிந்து
அடுப்படியில் முதல் டைல்ஸைத்
தட்டினேன்.