தேசிக்காய் உருளாத இடம்

முதலில் ஒரு தேசிக்காய்.
வானின் நடுத்தரையில் வைத்துக் கையை எடுப்பேன்.
உருண்டால் அந்த இடம் வேண்டாம்.
தலை தாழப் படுத்த இரவின் கழுத்துவலி
எனக்குத்தான் தெரியும்.
நகுலேஸ் எந்தச் சரிவிலும் உறங்குவார்.

வான் வாங்கிய நாளில்
நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தோம்.
மூன்று நசிந்தது.
ஒன்று தப்பி ஒழுங்கைவரை உருண்டு போனது.
அதிலிருந்து வந்த பழக்கம் இது.

முன்பு பாண் விற்ற வான்.
தட்டுகள் இருந்த பக்கம் கட்டில்,
பணிஸ் அடுக்கிய இடத்தில் சட்டி பானை.
மூன்று தரம் பெயின்ற் அடித்தும்
புளித்த மாவின் வாசம் போகவில்லை.
நிறுத்துகிற இடமெல்லாம் நாய்கள் வந்து
பின்கதவைப் பார்த்து
மரியாதையாகக் குந்தும்.

நகுலேசிடம் ஒரு கொப்பி.
குளம், மலை, நிழல், கிணறு, சிக்னல், கக்கூசு, யானை
என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்.
யானை வந்தால் புள்ளியைக் கூட்டுவதா கழிப்பதா என்று
திருகோணமலையிலிருந்து இதுவரை தகராறு.

கந்தளாய்க் குளக்கட்டில்
வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.
தூரத்து மலை தண்ணீருக்குள் இன்னொரு தரம் நின்றது.
நகுலேஸ் பத்துக்குப் பத்து எழுதும் நேரம்
மோட்டார்சைக்கிளில் ஒருவர் வந்தார்.
"கட்டில நிற்க ஏலாது. கீழ நில்லுங்கோ."
கீழே போனோம்.
லத்தி இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
தேசிக்காயை வெளியே எடுக்கவேயில்லை.

கன்னியாவில் அது அசையாமல் நின்றது.
தரிப்பிடம் அப்படிச் சமதளம்.
ஆனால் எட்டு பஸ், ஈரத் துவாய்கள்,
ஏழு கிணற்றுக்கும் ஏழு சண்டை.
ஆறு மணிக்குக் கேற் பூட்டு என்றான் காவலாளி.

பன்குளம் போகும் வழியில் தர்மினி எடுத்தாள்,
ஸ்காபரோவிலிருந்து.
அங்கே ஏரிக்கரையில் ஒரு துண்டு நிலத்துக்கு
ஆறு மாதம் முந்திப் பதிய வேண்டுமாம்.
கரண்ட், தண்ணீர், கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டி.
"நாங்களும் முகாம் போட இடம்தான் பார்க்கிறம்" என்றேன்.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
தறப்பாளுக்குள் இருந்து
பத்தாம் வகுப்புப் படித்தவள் அவள்.
"காம்பிங் எண்டு சொல்லக்கா" என்றாள் பிறகு.
சரி என்றேன்.
கரடியைப் பற்றி இன்னும் கேட்டேன்.

இருட்ட முன்னம்
பெயர்ப்பலகை இல்லாத ஒரு குளம்.
பின்னால் மலை, பெரிதில்லை,
சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த ஆளைப் போல.
தேசிக்காய் கதவை நோக்கி உருண்டது.
நகுலேஸ் பின்சில்லுக்குக் கல் வைத்தார்.
உருண்டது.
இன்னொரு கல்.
இந்தத் தரம் எதிர்ப்பக்கம்.

எருமைகளுக்குப் பின்னால் வந்த ஒருவர்
நூறு ரூபாயை நீட்டினார்.
"ரெண்டு றாத்தல் தாங்க."
பாண் இல்லை என்றோம்.
வானை மோந்தார், எங்களைப் பார்த்தார்,
நம்பவில்லை.
எங்களுக்கென்று வைத்திருந்த அரை றாத்தலைக் கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை.
பாணைச் சாரனில் சுற்றிக்கொண்டு சொன்னார்:
"இதுல நிப்பாட்டாதீங்க. எரும எறங்குற பாத.
அந்தா, அந்த மருதடிக்குப் போங்க."
ஜவாஹிர் என்று பெயர்.
தள்ளியும் விட்டார்.

மருதடியும் சரிவுதான்.
கல் தேட வெளிச்சமில்லை.
பசி வேறு.
நகுலேஸ் கட்டிலைப் பார்த்தார்,
தேசிக்காயைப் பார்த்தார்,
தலையணைகளைத் தூக்கிக் கால்மாட்டில் போட்டார்.

மூன்று வருடம்.
இருபத்தேழு குளம், எத்தனையோ கல்.
ஒருவரும் இதை யோசிக்கவில்லை.

இரவில் ஏதோ வந்து
வானில் முதுகு தேய்த்தது.
எருமையா மற்றதா என்று எட்டிப் பார்க்கவில்லை.
கொப்பியில் அந்தக் கட்டம்
இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது.

விடிய, கதவைத் திறந்தால்
ஆறு பேர், கையில் சில்லறை,
மூன்று நாய்.
ஜவாஹிர் பின்னால் நின்று
நான் சொல்லேல்ல என்பதுபோல் கையை விரித்தார்.

பாண் இல்லை, தேத்தண்ணி இருக்கு என்றேன்.
கேத்தல் கொதிக்கும்வரை
குளத்தில் மலை நடுங்கி நடுங்கித் தெளிந்தது.
தேசிக்காயைத் தேடினேன்.
கதவோரம் கிடந்தது.
எட்டாக வெட்டினேன்.