மாவு இருந்தால் உணவு

காலை ஆறு பத்துக்கு வெர்லின் ஹோக் வருவார்.
அயோவாவில் அந்நேரம் வானம்கூடக் கடை திறந்திருக்காது.
தொப்பியைக் கழற்ற மாட்டார்.
ஒரு சாக்லேட், ஒரு வேஃபர்,
அலமாரியில் இரண்டுக்கும் ஒரே விலைச் சீட்டு,
தனித்தனியாகப் போடச் சொல்வார்.
வேஃபர் ஒன்று அறுபத்தொன்பது.
சாக்லேட் ஒன்று எண்பத்தொன்று.
"செனாடா, இந்தப் பன்னிரண்டு சென்ட் எங்கிருந்து முளைத்தது?"

பதினொரு வருடம், இதே கேள்வி.
டிராக்டர் ஆலையில் போல்ட் எண்ணிய மனிதர்,
ஒன்று கூடினாலும் குறைந்தாலும்
அவருக்கு அன்றைய தூக்கம் போச்சு.

எனக்கு மட்டும் தெரியுமா?
போஸ்னியாவில் பேருந்தில் டிக்கெட் கிழித்தவள் நான்.
தூரத்துக்கு ஏற்ற காசு, அவ்வளவுதான் கணக்கு.
"மெஷின் சொல்கிறது" என்பேன்.
"மெஷினைக் கூப்பிடு" என்பார்.

அவர் பின்னால் வரிசை நீளும்.
பாதி எரிந்த மெழுகுவர்த்தியை
வாசனை பிடிக்கவில்லை என்று திருப்பித் தர
ஓர்ஃபா ஜேடன் நிற்பாள்,
போன மாதமும் அதே வாசனைதான் வாங்கினாள்.
பிரான்சன், ஏதாவது ஸ்கேன் ஆகாவிட்டால்
"அப்போ இலவசம்!" என்பான், தினமும்,
இப்போதுதான் கண்டுபிடித்தவன் போல.
நான் சிரிப்பேன்.
இந்த மாநிலத்தில் அதற்கு மட்டும் வரி போடவில்லை.

ஒரு ஞாயிறு, வரி அலுவலகத்தின் தாளை
அகராதியோடு வரி வரியாகப் படித்தேன்.
நான்காம் பக்கத்தில் கிடைத்தது:
மாவு இருந்தால் உணவு.
மாவு இல்லாவிட்டால் மிட்டாய்.
மிட்டாய்க்கு வரி, உணவுக்கு இல்லை.
திரும்பவும் படித்தேன். அப்படித்தான் இருந்தது.

திங்கட்கிழமை சொன்னேன்.
வெர்லின் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு லென்ஸ் வந்தது.

சொல்லாமலே இருந்திருக்கலாம்.
இப்போது வரிசையில் எல்லார் கையிலிருந்தும்
பொட்டலத்தை வாங்கித் திருப்பிப் பார்க்கிறார்.
"மாவு இல்லை, ஓர்ஃபா. கட்டு."
"இதில் இருக்கிறது, தம்பி, விடாதே."
ஓர்ஃபா தன் சாக்லேட்டைப் பிடுங்கிக்கொண்டு
மெழுகுவர்த்தியைக்கூட மறந்து போனாள்.

ஜனவரியில் தலைமை அலுவலகம் மெஷினை மாற்றியது.
வேஃபருக்கும் பன்னிரண்டு சென்ட் ஏறியது.
அவர் முகத்தில் அப்படியொரு பிரகாசத்தை
நான் அதற்குமுன் பார்த்ததில்லை.
சத்தம்கூடப் போடவில்லை.
ரசீதை விரித்து, நகத்தால் கீறிக் காட்டி,
"மாவு" என்றார், மெதுவாக.

மூன்று வாரம் போன் செய்தேன்.
பாட்டு வைத்தார்கள். யாரும் எடுக்கவில்லை.
தினமும் என் பர்ஸிலிருந்து
ஒரு பத்து சென்ட், இரண்டு ஒற்றைச் சென்ட்.
அவர் எண்ணித்தான் வாங்கினார்.

மைனஸ் இருபத்தாறு காட்டிய காலையில்
வரிசை இல்லை. கதவுக் கண்ணாடியில் உள்பக்கம் உறைபனி.
ஃப்ரீஸரிலிருந்து ஒரு பரிட்டோ எடுத்து வைத்தார்.
"சூடு பண்ணிக் கொடு."
அவர் விரல்கள் வெளுத்திருந்தன, கையுறை இல்லை.
"நான் சூடாக்கினால் வரி, வெர்லின்.
நீங்களே சூடாக்கினால் இல்லை. ஆறாம் பக்கம்."
யோசித்தார்.
காசைத் தந்துவிட்டு மைக்ரோவேவ் பக்கம் போனார்.
பட்டன்கள் தெரியவில்லை, லென்ஸ் வீட்டில்.
நான் இந்தப் பக்கமிருந்து சொன்னேன்:
"மேலே இடது. இன்னும் இடது. இரண்டு தடவை."
என் விரல் படவில்லை, சத்தியம்.
அது சுற்றுகிற தொண்ணூறு நொடியும்
கண்ணாடியில் இரு உள்ளங்கையையும் வைத்தபடி நின்றார்.
நான் சில்லறையை அடுக்கினேன்,
ஏற்கெனவே அடுக்கியதை.

மறுநாள் ஆறு பத்து.
கல்லாவில் ஒரு மூட்டை ஐஸ் கட்டி.
இந்தக் குளிரில், ஐஸ்.
தொப்பியைக் கழற்றவில்லை.
"செனாடா, இது உணவா?"

தாளை எடுத்தேன்.