டத்தோவா, டத்தினா

தம்பி நவநீதன் அதற்கு டத்தோ என்று பேர் வைத்தபோது
யாரும் வாலைத் தூக்கிப் பார்க்கவில்லை.
தொப்பை இருந்தது. வேலை இல்லை.
வாரம் ஒருமுறை யாரோ கொண்டுவந்து கொடுப்பதை
அசையாமல் விழுங்கியது.
போதாதா, என்றான்.

பால் பைத்தான்.
பந்தாகச் சுருள்வதால் அந்தப் பேராம்.
பக்கத்து வீட்டுப் பவளக்கொடி அதைத் தவறாகக் கேட்டுவிட்டு
ஒரு கிண்ணம் பால் கொண்டுவந்து வைத்தாள்.
டத்தோ அதில் வாலை நனைத்துக்கொண்டு போனது.

சிலிம் ரிவரில் பால் என்றால் மூன்று.
ஒன்று கிண்ணத்தில் ஆடை கட்டுவது.
ஒன்று, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபிறகு
பேச்சில் மட்டும் சொட்டுவது.
இன்னொன்று நான்காம் வகுப்பில்
கரும்பலகையில் வரிசையாக நின்றது.
பாம்புக்கு என்ன பால் டீச்சர், என்று ஒருத்தன் கேட்டான்.
ஒன்றன்பால். உட்கார்.

தைப்பூசத்துக்கு மறுநாள் கடைசி எலி.
சித்திரை பிறந்தும் வாய் திறக்கவில்லை.
ஆலையில் எனக்கு எடைமேடை வேலை.
நாற்பது டன் லாரிக்குச் சீட்டுக் கிழிக்கும் கை
சமையலறைத் தராசில் டத்தோவைச் சுருட்டி வைத்து எழுதியது:
ஆயிரத்து நூற்று முப்பது.
அடுத்த வாரம், ஆயிரத்து எழுபது.

பீடோரிலிருந்து ஆ கியோங் வந்தார்.
ஆண் என்றால் ஜோடி தேடும், பட்டினி கிடக்கும், பயமில்லை.
பெண் என்றால் முட்டையாக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம்.
பெண் என்றால் அறுநூறு வெள்ளிக்கு நானே எடுத்துக்கொள்கிறேன்.
ஆணுக்கு இருநூறு, அதுவும் பழக்கத்துக்காக.
நவநீதன் மோட்டார் தவணையைக் கழித்துப் பார்ப்பது
முகத்திலேயே தெரிந்தது.

வாலடியில் இரண்டு குட்டி நகங்கள்.
ஆணுக்கு நீளம் என்பார்கள், நம்பாதே, என்றார்.
மீசை உள்ள பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

காது குடையும் குச்சியைவிட மெல்லிய கம்பி,
முனை உருண்டை,
கொதிநீரில் போட்டு ஆறவைத்தது.
நடு உடம்பு என் கையில்.
கம்பி வால் பக்கம் இறங்கியது.
மூன்று செதில் ஆழம் என்றால் பெண்,
எட்டு ஒன்பது என்றால் ஆண். எண்ணினோம்.
மூன்றில் நின்றது.
டத்தின்! என்று கத்தினான் நவநீதன்.

பொறு.
பயத்தில் இறுக்கிக்கொண்டால் ஆணும் மூன்றில்தான் நிற்கும்.
அழுத்தினால் கிழிந்துவிடும்.

எனக்குத் தெரியும் அந்த இறுக்கம்.
என் ஐசியின் கடைசி எண் ஏழு.
ஒற்றை ஆணுக்கு, இரட்டை பெண்ணுக்கு.
நான் பிறந்த வாரம் யாரோ ஒரு கிராணிக்குத் தூக்கம்.
அன்றிலிருந்து முகப்புகளில்
அட்டையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள்,
மறுபடி அட்டையை.
பிரசவ வார்டிலும் கணினி என்னை ஏற்கவில்லை.
ஐந்து நிமிடத்துக்கொரு வலி.
மேலதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார் என்றாள் ஒரு பெண்.
பொறுத்தேன்.
மகள் பிறந்தாள், ஆண் ஒருவருக்கு.

மறுபக்கம் ஆறு வரை இறங்கியது கம்பி.
ஆறு யாருக்கும் சேராத எண்.
ஆ கியோங் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.
இன்னொரு தடவை பார்க்கலாமா, என்றார்.
தம்பி தலையாட்டினான்.
நான் பிடியை விட்டுவிட்டேன்.
டத்தோ என் சட்டைக் கைக்குள் நுழைந்து
அக்குளில் பந்தானது.

அறுநூறும் இல்லை, இருநூறும் இல்லை.
மோட்டாரை இழுத்துப் போக இரண்டு பேர் வந்தார்கள்.
தம்பி என்னோடு நான்கு நாள் பேசவில்லை.

ஒன்பதாம் இரவு, ஷிஃப்ட் முடிந்து வந்து,
எலியைச் சுடுநீரில் முக்கி நீட்டினேன்.
ஒரு வெட்டு. மூன்று சுற்று.
நோட்டில் தேதி எழுதினேன், எடை எழுதினேன்.
வினைச்சொல்லுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை:
தின்றது.