பெயருக்கு விட்ட இடம்

வேதாளை ஐஸ் கம்பெனிச் சுவர்.
சின்னம் முதலில் என்றார் பூமிநாதண்ணன்.
சீட்டு கேட்டு இரண்டு பேர்,
மேலிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.
பெயருக்கு ஆறெழுத்து இடம் விட்டேன்.
யார் வந்தாலும் வாசகம் இதுதான்:
‘கடல் வழி வந்தவரைக் கடலுக்கே அனுப்புவோம்.’
எழுத்துக்கு இரண்டு ரூபாய், புள்ளிக்குக் காசில்லை.

‘அனுப்பு’ வரை வந்ததும்
நீலம் தீர்ந்தது.
மண்ணெண்ணெய் ஊற்றி நீட்டினேன்.

மூன்றாம் மணல்திட்டில்
படகு எங்களை இறக்கிவிட்டபோது
எனக்குப் பதினொரு மாதம்.
வழியெல்லாம் தூங்கினேனாம்.

“ழகரத்துக்கு வால் நல்லா விழுந்திருக்கு நிரோசன்,
எங்க படிச்ச?”
முகாம் பள்ளிக்கூடம் என்றேன்.
அண்ணன் சுவரையே பார்த்தார்.

ஆறு மணிக் கணக்கெடுப்பு.
ஏட்டு என் கையைப் பார்த்தார்:
“என்ன, ஓட்டுப் போட்டாச்சா?”

அது சுண்டுவிரல் சார்,
பெயின்ட்.