எண்பதாம் நம்பர் மணல்

ஜேக்கப்ஸில் காலை ஏழரை.
டட்சன் கதவுக்கு மூன்று சட்டை:
மேலே வெள்ளை, நடுவில் தக்காளிச் சிவப்பு,
அடியில் யாருக்கும் பிடிக்காமல் போன பச்சை.
புட்டி உதிர்ந்த பிறகு தெரிகிறது
கதவில் பாதி கதவே இல்லை.

மூட்டைமேல் தூத்துக்குடி என்று தமிழில்.
குபேந்திரனுக்கு அந்த எழுத்து வாசிக்க வராது;
எண்பது என்ற நம்பரைத்தான் பார்ப்பான்.
செம்மணல் குழாயில் சீறுகிறது.
கவசத்துக்குள் தன் மூச்சுதான் பெரிதாய்க் கேட்கும்.
கிட்டே போனால் தகடு அப்பளமாய் நெளியும்;
சாய்த்துப் பிடிக்கிறான்.

நாலரைக்கு இரும்பு அம்மணம்.
விரல் பட்டாலே கறுக்கிற சாம்பல் நிறம்.

டர்பன் காற்று கேட்டைத் தாண்டி வந்துவிட்டது.
ஒரே கடல்தான்:
அந்தக் கரை மணல் உரித்ததை
இந்தக் கரை உப்பு தின்ன
ஒரு ராத்திரி போதும்.

பிரைமர் டின் மூடி இறுகிக் கிடக்கிறது.
ஸ்க்ரூடிரைவரைக் காணோம்.